ஐந்தும் ஆறரையும்

ஷட்டருக்கு அடியில் நுழைந்த வெயில் துளை போடும் மெஷின்மேல் படுத்திருக்கிறது. பம்பின் உடலையும் மூடியையும் சேர்த்து இறுக்கி, ஃபிட்டர் இரண்டிலும் ஐந்து மில்லி துளை போட்டாயிற்று. ஆறு மில்லி திருகுக்கு உடலில் அந்த ஐந்துதான் கணக்கு. அதில்தான் மரை வெட்ட வேண்டும். மூடியில் மட்டும் திருகு தடையில்லாமல் இறங்க ஆறரை வேண்டும். இரண்டையும் பிரித்துவிட்டு ஆறரை பிட்டை மாட்டிய ஃபிட்டர், பேச்சு வாக்கில் உடலை இழுத்து அதன் கீழே வைக்கிறார்.

"மாமா! அதைப் பெருசாக்கினா திருகு எதைப் பிடிச்சுக்கும், உங்க மீசையவா?" என்கிறான், அரம் போட்டுக்கொண்டிருக்கும் மைத்துனன்.

ஃபிட்டரின் கை அந்தரத்தில் நிற்கிறது. இருப்பது இந்த ஒரே உடல். கெட்டால் அடுத்த வார்ப்பு வர ஒரு மாதம். பிட் சும்மா சுற்றுகிறது.

"உங்க அக்காகிட்ட சொல்லித் தொலைச்சிடாதடா."

"சொல்லாம எனக்குச் சோறு இறங்குமா?"

மூடியில் ஆறரை விழுகிறது. உடலில் எண்ணெய் விட்டு மரை வெட்டியதும், மூடியைப் பொருத்தித் திருகை விடுகிறார். அது மூடியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு இறங்கி, உடலின் வாயில் நிற்கிறது. இரண்டு விரலால் திருப்புகிறார், மரை பிடிக்கிறது. கடைசிவரை இறக்கிவிட்டு, வேலையே இல்லாமல் அதைக் கழற்றி, மறுபடியும் மெல்லத் திருப்புகிறார்.