பெட்டியில் ஒரு பொட்டு

வாயை மூடிக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

ம்ம்ம்...

கோயிலின் வாகன அறை. மர மயிலுக்கும் மர யானைக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பாட வருகிறவர்களுக்கு ஒதுக்கிய இடம் அதுதான். அவளால் உட்கார முடியவில்லை. யானையின் தும்பிக்கை வரை நடந்தாள். திரும்பினாள். மயிலின் கழுத்தைத் தொட்டுவிட்டு மறுபடி நடந்தாள்.

தரையில் சுருதிப் பெட்டி தன்பாட்டுக்கு ரீங்கரித்துக்கொண்டிருந்தது.

ஸா. பா. மேல் ஸா.

வந்துவிட்டது.

வந்ததுதான் அவளை என்னவோ செய்தது. மேல் ஸா எப்போதுமே அவளைக் கொஞ்சம் கெஞ்சவிட்டுத்தான் வரும். இப்போது கூப்பிட்டதும் எட்டிப் பார்க்கிறது, பக்கத்து வீட்டுக்காரி மாதிரி.

ஃப்ளாஸ்க்கைத் தேடினாள். காலி. வெந்நீர் பிடித்துவரக் கணவர் போயிருந்தார்.

கழுத்தில் கட்டியை எடுத்த பிறகு இதுதான் முதல் கச்சேரி.

பேசவே கூடாது என்று சொல்லியிருந்த டாக்டர், இனிப் பாடலாம் என்றதும் மறுநாள் காலையிலேயே பெட்டியைப் போட்டாள். மேல் ஸாவில் குரல் உடைந்தது. அடுத்த நாளும் உடைந்தது. அதற்கடுத்த நாள் பெட்டியைப் பீரோவுக்குள் தள்ளினாள்.

"அஞ்சு கட்டை சுருதியில வரலைன்னா எனக்கு இனிமே மேடையே வேண்டாங்க."

அவர் என்ன சொல்வார்? ஒரு ராகம் தெரியாது அவருக்கு. கல்யாணமான நாளிலிருந்து கச்சேரிகளில் அவர் வேலை ஃப்ளாஸ்க் தூக்குவது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் எழுந்து வந்தபோது கூடத்தில் பெட்டி ஒலித்துக்கொண்டிருந்தது.

"தூசி தட்டினேன். ஓடுதான்னு பாத்தேன். சும்மா ஒரு தடவை பாடேன்."

பாடினாள். உடையவில்லை. சமையலறைக்குப் போய்க் குக்கரைத் திறப்பதுபோல் நின்று அழுதாள்.

அன்றிலிருந்து தினமும் அவள் பல் தேய்த்துவிட்டு வருவதற்குள் அவரே பெட்டியைப் போட்டு வைத்துவிடுவார். இந்த வயதில் இப்படி ஒரு கரிசனமா என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வெளியே மைக்கை யாரோ தட்டிப் பார்த்தார்கள்.

ஸரிகம பதநிஸ...

கதவைத் தள்ளிக்கொண்டு பிருந்தா வந்தாள். இன்று வயலின் வாசிக்கப் போகிற பெண். உட்கார்ந்து, தந்தியை விரலால் சுண்டினாள். முகம் சுளித்தாள். இன்னொரு முறை சுண்டினாள்.

"அக்கா, போன்ல அஞ்சுன்னுதானே சொன்னீங்க? நான் அஞ்சுக்குச் சேத்து வச்சிருக்கேன். உங்க பெட்டி நாலரையில நிக்குது."

"இருக்காதே. பொட்டுக்கு நேராத்தானே இருக்கு?"

பழைய பெட்டி. குமிழைச் சுற்றியிருந்த எழுத்தெல்லாம் என்றோ தேய்ந்துவிட்டது. ஐந்து கட்டைக்கு அடையாளமாக அவளே நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்திருந்தாள்.

கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

பொட்டு இருந்தது.

ரோஸ் நிறத்தில்.

அவள் வைத்தது மெரூன்.

கொஞ்சம் தள்ளி, பிளேடால் சுரண்டிய இடம் வெளுத்துத் தெரிந்தது. சுரண்டியவர் சரியாகச் சுரண்டவில்லை. ஓரத்தில் ஒரு துளி மெரூன் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அஞ்சுக்கு ஏத்திடவா அக்கா?"

அவள் விரல் குமிழின் மேல் இருந்தது. அரைக் கட்டை. ஒரு சின்னத் திருப்பு. காது இத்தனை நாள் எங்கே போயிருந்தது? இல்லை, தெரிந்துகொள்ள வேண்டாம் என்று அதுவே இருந்துவிட்டதா?

வெளியே அவள் பெயரைச் சொன்னார்கள்.

ஃப்ளாஸ்க்குடன் அவர் உள்ளே வந்தார். அவள் குனிந்திருப்பதைப் பார்த்தார். மூக்கில் கண்ணாடி இருப்பதைப் பார்த்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"என்னங்க."

"ம்."

"கடையில போய் என்ன சொல்லிக் கேட்டீங்க?"

அவர் மர மயிலைப் பார்த்தார். அது உதவவில்லை.

"பொண்டாட்டிக்குன்னுதான்" என்றார். "எந்தக் கலர்னு கேட்டான். எனக்கு எங்க தெரியும்?"

பிருந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. வில்லைப் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவள் வெந்நீரை வாங்கிக் குடித்தாள். சூடு மெதுவாக இறங்கியது. நடக்கத் தோன்றவில்லை.

"தந்தியை நாலரைக்கு இறக்கிக்கம்மா" என்றாள். "மிருதங்கத்துக்கும் சொல்லிடு."

மேடையில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் கூட்டத்தைப் பார்த்தாள். வழக்கம்போல் கடைசி வரிசை. மடியில் ஃப்ளாஸ்க். நாற்காலி நுனியில், எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக இருப்பவர் மாதிரி.

எது ஐந்து, எது நாலரை என்று அவருக்குக் காதால் தெரியாது.

அவள் சுருதிப் பெட்டியைப் பிடித்து, பொட்டு அவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

பிறகு ஸா பிடித்தாள்.