பால் இறங்கும் வரை

நான்கு காம்புகளையும் பிழிந்து பார்த்துவிட்டாள். ஒரு சொட்டு வரவில்லை.

தாய்த் துருவக்கரடி பனியில் ஒருக்களித்துக் கிடந்தது. மயக்க ஊசி நன்றாகவே பிடித்திருந்தது. வெளிச்சம் கண்ணில் படாமல் தன் கழுத்துத் துணியை அவிழ்த்து அதன் முகத்தில் போட்டிருந்தாள். பார்வைக்குப் பெரிய உடம்புதான். கையை வைத்தால் பாதி ரோமம். அதற்கடியில் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன.

போன கோடையில் ஹட்சன் விரிகுடாவின் பனி மூன்று வாரம் முன்னதாகவே உடைந்துவிட்டது. கடலில் பனி இல்லாவிட்டால் சீல் வேட்டை இல்லை. அரை வயிற்றோடு கரையேறிய கரடி, அதே வயிற்றோடு வளைக்குள் போய்க் குட்டி போட்டிருக்கிறது. எட்டு மாதப் பட்டினி. இன்றுதான் வெளியே வந்தது.

கடல்பனிக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

குட்டி துவாரகனின் கோட்டுக்குள் இருந்தது. துவாரகன்தான் ஹெலிகாப்டர் ஓட்டி வந்தவன். யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குக் கனடாவில் பிறந்த பிள்ளை. கோட்டின் கழுத்து வழியே குட்டியின் மூக்கு மட்டும் தெரிந்தது. பத்துக் கிலோ இருக்க வேண்டிய குட்டி. ஆறுதான் இருந்தது.

"கூட்டை இறக்கட்டே அக்கா?"

ஆராய்ச்சி முகாமில் சொல்லி அனுப்பியது ஒன்றுதான். தாயிடம் பால் இருந்தால் இரண்டையும் விட்டுவிட்டு வா. இல்லையென்றால் குட்டியைக் கம்பிக் கூட்டில் போட்டுக் கொண்டுவா, மிருகக்காட்சிசாலையில் பிழைத்துக்கொள்ளும்.

நியாயமான பேச்சுதான். போன வருடம் அவளே அப்படி ஒன்றைக் கொண்டுபோனாள். தாய் மயக்கம் தெளிந்து எழுந்து, ஹெலிகாப்டரின் நிழலைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தது. வெகுதூரம் வந்தது.

"பொறு கண்ணு," என்றாள்.

காங்கேயத்துப் பக்கம் மாட்டு டாக்டராக ஆரம்பித்தவள். படிப்பு ஒவ்வொரு ஊராக இழுத்துக்கொண்டு வந்து இங்கே விட்டது. பால் விஷயத்தில் மட்டும் அவளிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. மடி வற்றிப்போனது வேறு, பாலை அடக்கி வைத்திருப்பது வேறு. விரலுக்கு அது தெரியும்.

இது அடக்கி வைத்திருக்கிறது.

பாலை இறக்க ஓர் ஊசி உண்டு. கைவசம் இருந்தது நேற்றைய கரடியோடு தீர்ந்துவிட்டது. தீராமல் இருந்திருந்தாலும் அந்த ஊசியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கன்றை ஊட்டவிட்டுக் கறப்பதுதான் கறவை.

துவாரகனின் கோட்டைத் திறந்து குட்டியை எடுத்தாள்.

அது தாயின் கழுத்தில் ஏறியது. காதைக் கடித்து இழுத்தது. எழுப்பிப் பார்த்தது. எழவில்லை என்றதும் முதுகுப் பக்கமாகச் சறுக்கி விழுந்து, அங்கேயே உட்கார்ந்து அழுதது.

"மயக்கம் தெளிய பன்னிரண்டு நிமிசம்தான் இருக்கு, அக்கா. எழும்பிச்செண்டா முதல்ல என்னைத்தான் பிடிக்கும். இங்க நான்தான் கொழுத்தவன்."

அவள் கையுறையைக் கழற்றினாள். குளிர் விரல்களைப் பிடித்துக் கடித்தது. குட்டியை மடியில் இடுக்கிக்கொண்டு, சுட்டுவிரலை அதன் வாய்க்குள் கொடுத்தாள். கன்றுக்குட்டியைப் பழக்குவது அப்படித்தான். விரலைச் சப்பவிட்டு, சப்பச் சப்பத் தலையைக் காம்புக்குக் கொண்டுபோக வேண்டும்.

கன்றுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது.

இதற்கு இருந்தது.

விரலை அவள் எடுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நாலு கெட்ட வார்த்தை சொன்னாள், எல்லாம் ஊர் வார்த்தை. துவாரகனுக்குப் பாதிதான் புரிந்தது. ரத்தம் குட்டியின் தாடையில் வழிந்தது. அந்தச் சூடு பிடித்திருக்க வேண்டும். குட்டி கடிப்பதை விட்டுவிட்டுச் சப்ப ஆரம்பித்தது.

மெல்ல, மிக மெல்ல, விரலை உருவிக்கொண்டாள். அந்த இடத்தில் காம்பு இருந்தது.

சப்பியது. விட்டது. முட்டியது. மறுபடி சப்பியது.

ஒன்றும் இல்லை.

துவாரகன் கூட்டை இறக்கிப் பனியில் வைத்துவிட்டான். அவளைப் பார்க்காமல்தான் வைத்தான்.

அவள் வெறும் உள்ளங்கையைத் தாயின் மார்பில் வைத்து, மேலிருந்து கீழாக நீவினாள். அவசரப்படவில்லை. நீவிக்கொண்டே இருந்தாள்.

தோலுக்கு அடியில் ஏதோ இளகியது.

பிறகு அந்தச் சத்தம் கேட்டது. தூரத்தில் மோட்டார் ஓடுவது போல, ஒரே சீராக, குட்டியின் தொண்டையிலிருந்து. பால் கிடைத்த கரடிக்குட்டிகள் மட்டும் போடும் சத்தம் அது.

பக்கத்துக் காம்பை லேசாக அழுத்திப் பார்த்தாள். சுண்டக் காய்ச்சியது போல, மஞ்சள் ஓடிய ஒரு சொட்டு வந்தது. மீன் வாடை அடித்தது. அதை வழித்துக் குட்டியின் உதட்டிலேயே தடவினாள்.

கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை, கை முழுக்க ரத்தம்.

"மூச்சு மாறுது அக்கா."

அவளும் பார்த்தாள். தாயின் நாக்கு வெளியே வந்து மூக்கை நக்கியது. தெளியத் தொடங்கிவிட்டது. முகத்துத் துணியை உருவிக்கொண்டாள். குட்டியை அசைக்காமல், பின்பக்கமாகவே நடந்து வந்தாள்.

துவாரகன் காலிக் கூட்டைத் தூக்கி உள்ளே எறிந்துவிட்டு இருக்கையில் தாவி ஏறினான். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

முப்பது அடி தூரத்தில் தாய் தலையைத் தூக்கியது. முதலில் குட்டியைப் பார்த்தது. பிறகு இவர்கள் பக்கம் திரும்பியது. முன்னங்கால் ஒன்றை ஊன்றியது.

துவாரகனின் கை சாவிக்குப் போயிற்று. ஹெலிகாப்டரின் காற்றாடி சுற்றினால் அந்த மிரட்சியில் தாய்க்குப் பால் அடங்கிவிடும்.

அவன் மணிக்கட்டை அவள் பிடித்தாள்.

"போடாத கண்ணு. இன்னும் மூணு காம்பு இருக்குது."