தசரதனின் இருமல்

ஜில்லா போர்டு குஷ்ட வைத்தியம் நடக்கும் பூந்தமல்லி புளியமரத்தடியில், பொன்னம்மாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். இலைகளுக்குள் புகுந்து வரும் காலை வெயில், அவள் முன்னங்கையில் வெளுத்துக் கிடக்கும் படையின்மேல் காசு காசாய் விழுந்து ஆடுகிறது. டாக்டர் கிறிஸ்துதாஸ் கோழியிறகால் அந்தக் கையை அங்கங்கே தொடுகிறார். தொட்ட இடத்தை அவள் விரலால் காட்ட வேண்டும். படையில் உணர்ச்சி திரும்பியிருந்தால்தான் இத்தனை மாதமாகக் குத்திய நீரடிமுத்து எண்ணெய் ஊசி பலித்ததாக அர்த்தம். அப்போதுதான் அவள் தொடுத்த பூவை ஊரார் மறுபடி வாங்குவார்கள். முல்லைக் கூடையோடு பக்கத்தில் நிற்கும் புருஷன் தசரதன், இறகு படைக்குப் போகும்போதெல்லாம் லேசாக இருமுகிறான். வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. அவள் விரலும் பிசகாமல் படைக்குப் போகிறது. டாக்டர் இறகைப் படைக்கு மேலே கொண்டுபோய், தொடாமல் அந்தரத்தில் நிறுத்துகிறார். இருமல் வருகிறது. விரலும் போகிறது.

"தசரதா, உன் இருமலுக்கு அப்புறமா மருந்து தரேன். இப்போ வாய மூடு."

தசரதனுக்கு முகம் செத்துப்போகிறது. கூடையைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் துண்டை வாயில் அடைத்துக்கொள்கிறான். முல்லைக்குள்ளிருந்து ஒரு கட்டெறும்பு இறங்கி, பொன்னம்மாளின் கைமேல் ஏறி, நிதானமாகப் படைக்குள் நுழைகிறது. டாக்டர் இறகைத் தாழ்த்திவிட்டுப் பார்க்கிறார். துண்டைக் கடித்தபடி தசரதனும் பார்க்கிறான்.

கண்ணைத் திறக்காமலே அவள் பளாரென்று படைமேல் அடிக்கிறாள்.

"யோவ், பூக்கூடைய அப்பால வையேன்யா! எறும்பு கடிக்குது!"