குடைக்காக வந்தவரின் இடது கை

மறந்து வைத்த குடையை எடுக்கத்தான் பஸ் கண்டக்டர் ரத்த வங்கிக்கு வந்தார். போன வாரம் அவர் இடது கையில் நான் ரத்தம் எடுத்த இடம் கன்றிப்போயிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று உட்காரவைத்து பிரஷர் பார்த்தேன். வலது கையில் நூற்றிருபது. இடது கையில் எழுபது.

"தலை சுத்துதா அண்ணா?"

"பசிக்குதும்மா. வேற ஒண்ணும் இல்ல."

எழுபதில் இருப்பவர் இப்படி உட்கார்ந்து பேச முடியாது. மெஷின் மக்கர் செய்கிறது என்று அலுத்துக்கொண்டு வேறொன்றைக் கொண்டுவந்தேன். வலது நூற்றிருபது. இடது எழுபத்தெட்டு.

அந்த நேரம் பார்த்து மாடியிலிருந்து பிரசவ வார்டு நர்ஸ் அக்கா போன் செய்தார்.

"காலையில நீ அனுப்பின ரத்தம் ஏறிட்டிருக்கு. பிரஷர் எழுபதுல கிடந்த பொண்ணு எழுபத்தெட்டுக்கு வந்துட்டா. இன்னொரு பை எடுத்து வை."

அந்தப் பையின் நம்பரை ரிஜிஸ்டரில் தேடினேன். கண்டக்டர் கொடுத்தது.

போனை வைக்காமல் அவருடைய இடது கையில் மறுபடி பட்டையைச் சுற்றினேன். எண்பத்தாறு.

"எண்பத்தாறு," என்றார் அக்கா போனில்.

அடுத்த முறை அளந்ததும் நான் முந்திக்கொண்டேன். "இப்ப தொண்ணூத்தி நாலா?"

"ஆமா. உனக்கு யார் சொன்னது?"

கண்டக்டர் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "டூட்டிக்கு நேரமாச்சு. கிளம்பட்டுமா?"

"அண்ணா, உங்க கால்ல விழறேன். நூத்திருபது வர்ற வரைக்கும் இந்தக் கையை அசைக்காதீங்க."

என் முகத்தைப் பார்த்தார். குடையைக் கீழே வைத்துவிட்டு, விளிம்புவரை நிறைந்த டம்ளரைப் பிடித்திருப்பவர்போல இடது கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.