அடிபடாத வண்டி

"வண்டி எங்கயாவது அடிபட்டிருக்கா சார்? ஒளிக்காம சொல்லிடுங்க."

சாய்நாத் இதை மூன்றாவது தடவையாகக் கேட்டான்.

"இல்லவே இல்லை. ஒரு கீறல்கூடக் கிடையாது," என்றார் பத்ரிநாராயணன், அவரும் மூன்றாவது தடவையாக.

மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலில் அந்த ஏழு சீட் வண்டி நின்றிருந்தது. 2014 மாடல், டீசல். வயதுக்கு மீறிய பளபளப்பு.

சாய்நாத் அடையாறுக்காரன். தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற ரகம். அதனால்தான் நந்தனத்தில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் தணிகாசலத்தைக் கையோடு கூட்டி வந்திருந்தான்.

"இன்ஜின் சோக்கா கீது சார். பொகையே இல்ல. டயரு இன்னும் ரெண்டு வருசம் ஓடும்," என்றார் தணிகாசலம்.

பிறகு விரல் முட்டியால் வண்டியைத் தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். டங், டங், டங். டிரைவர் பக்கம் வந்ததும் சத்தம் மாறியது. டொக்.

"இங்க பட்டி வெச்சு பெயின்ட் அட்ச்சிக்கீறாங்க."

பானெட்டைத் திறந்து போல்ட்டுகளைத் தடவிப் பார்த்தார். கழற்றி மாட்டிய தடம். கடைசியாக எல்லா சீட் பெல்ட்டுகளையும், முடிவில் டிரைவர் பெல்ட்டையும் முழுக்க வெளியே இழுத்துப் பார்த்தார். பெல்ட் எந்த வருஷம் செய்தது என்று அடியில் ஒரு சின்னச் சீட்டு தைத்திருப்பார்கள். வாங்க வருகிறவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

"சார், வண்டி பதினாலு. இந்தப் பெல்ட்டு மட்டும் இருவத்திரெண்டு. மத்ததெல்லாம் பழசு. பெரிசா மோதினாத்தான் இத்த மாத்துவாங்க."

வாசற்படியில் நின்றிருந்த விஜயலக்ஷ்மி மாமி கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுவா? எலி கடிச்சுடுத்து. அதான் மாத்தினேன்," என்றார் பத்ரிநாராயணன் அவசரமாக.

சாய்நாத்துக்குச் சுர்ரென்று ஏறியது.

"எலி இரும்பையும் கடிக்குமா சார்? இவ்ளோ வயசாச்சு, கொஞ்சமும் கூசாம காதுல பூ சுத்தறீங்களே!"

பெரியவரின் முகம் வெளுத்துப் போயிற்று.

"விஜயா, இவாளுக்குக் காபி கலந்துண்டு வாயேன்."

மாமி உள்ளே போனதுதான் தாமதம். பெரியவர் கிரீஸ் கை என்றும் பாராமல் தணிகாசலத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தமாப் பேசாதீங்கோ, கெஞ்சிக் கேட்டுக்கறேன். என் பையன் பரத்வாஜ் இந்த வண்டிலதான் போனான். மூணு வருஷமாச்சு."

சாய்நாத் பானெட்டைச் சத்தமில்லாமல் மூடினான்.

"அன்னிக்கு நல்ல மழை. இவ தி.நகர்ல ஒரு ரிசப்ஷனுக்குப் போயிருந்தா. ஆட்டோ கிடைக்கலை, வந்து அழைச்சுண்டு போடான்னு போன் பண்ணினதே இவதான். போற வழியில லாரில மோதிட்டான். அது தெரிஞ்சா, நான்தான் பிள்ளையைக் கொன்னேன்னு இவ உசிரை விட்டுடுவா."

"அப்ப அவங்ககிட்ட...?" என்று இழுத்தான் சாய்நாத்.

"ஓட்டிண்டு இருக்கறச்சே மாரடைப்பு, ஓரமா நிறுத்திட்டு அப்படியே சாஞ்சுட்டான்னு சொல்லி வெச்சிருக்கேன். நொறுங்கின வண்டியை இவ கண்ணுலயே காட்டலை. ஒர்க்‌ஷாப்ல போட்டு, புதுசு மாதிரி ஆக்கித்தான் ஆத்துக்குக் கொண்டுவந்தேன்."

"அப்ப வாங்கறவங்க ஏமாந்து போகணுமா சார்?" சாய்நாத் கேட்டான். ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"ஐயோ, இல்லை. தெருமுனை வரைக்கும் உங்களோட வந்து எல்லாத்தையும் சொல்லிடணும்னுதான் இருந்தேன். இன்ஷூரன்ஸ் பேப்பர், ஒர்க்‌ஷாப் பில், எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். இவ முன்னாடி மட்டும் வேண்டாம்."

காபி வந்துவிட்டது. மாமி டம்ளரை நீட்டிக்கொண்டே கேட்டார்.

"கோபமா ஏதோ பேசினேளே? வண்டில கோளாறா?"

சாய்நாத் தரையைப் பார்த்தான். கத்தியதை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. குறை கண்டுபிடிப்பதையே தொழிலாக வைத்திருக்கும் தணிகாசலம்தான் வாயைத் திறந்தார்.

"ஒன்னியும் இல்லம்மா. எலிதான். நான் நல்லாப் பாத்துட்டேன், வண்டி எங்கியும் அடிபடல."

பெரியவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஆர்.சி. புக்கை எடுத்துண்டு வரேன்," என்று கண்ணைத் துடைத்தபடி உள்ளே போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமி ஒரு படி இறங்கி வந்தார்.

"நீங்க நன்னா இருக்கணும்ப்பா. இவருக்காகப் பொய் சொன்னேளே."

தணிகாசலம் திடுக்கிட்டார். "அம்மா, உங்களுக்கு..."

"தினம் கார்த்தால வண்டியைத் துடைக்கறேன்னு போய், டிரைவர் சீட்டைத் தடவித் தடவி அழறார். பார்க்க முடியலை. அதான் வித்துடலாம்னேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கற நினைப்புலதான் இவர் ரெண்டு வாய் சாப்பிடறார். அது அப்படியே இருக்கட்டும்."

"உங்களுக்கு யாரும்மா சொன்னாங்க?" சாய்நாத் கேட்டான்.

மாமி உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"யாரும் சொல்லலை. 'கிட்ட வந்துட்டேம்மா'ன்னு எங்கிட்டதான் பேசிண்டிருந்தான். லாரி மோதின சத்தத்தை நான் போன்ல கேட்டேன்."