கூரையைப் பிரித்தவர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கொச்சிப் பக்கத்து மட்டாஞ்சேரிக் கதை ஒன்று சொல்கிறேன்.

ராமாத்தாளின் சாப்பாட்டுக் கடையிலிருந்து தெருவுக்கு நீண்டிருந்த தகரக் கூரையைப் பிரிக்க, நகரசபை ஆள் ரங்கசாமி கடப்பாரையோடு வந்துவிட்டார்.

“சாரே, மழைக்காலம். கூரை போனா அடுப்பு நனையும், கடையே போச்சு! உங்களுக்கு மனசு வந்துதா?” என்றாள் ராமாத்தாள்.

“தள்ளி நில்லு. ஓவர்சியர் பாக்கறாரு.”

“எடோ ரங்கசாமி, வேகம் உடைச்சுத் தள்ளு!” என்று மலையாளத்து ஓவர்சியர் லாரியிலிருந்து அவசரப்படுத்திக் கத்தினார்.

ரங்கசாமி கடப்பாரையைக் கீழே வைத்தார். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தகரம் நெளியாமல் இறக்கிச் சுவரில் சாய்த்தார்.

கிளம்பும்போது மெல்லச் சொன்னார்: “வேற ஆள் வந்தா நொறுக்கியிருப்பான். அதான் நானே கேட்டு வந்தேன். சாயந்திரம் கூரையைத் தெருவுக்கு நீளாம உள்ளே தள்ளி அடிச்சுத் தர்றேன்.”

“பிழைச்சீங்க. இல்லேன்னா இன்னிக்கு வீட்டில சோறு கிடையாது,” என்றாள் அவர் மனைவி ராமாத்தாள்.

உங்கள் வீட்டுக் கோபங்களும் இலை போடுவதற்குள் ஆறிப்போகட்டும், நன்றாயிருங்கள்.