மாசிலாமணி அண்ணன் பேசுகிறார்

கட்சியின் மேடைப் பேச்சாளர் மாசிலாமணிக்கு நாக்கில் புற்றுநோய் முற்றியிருந்தது. “முதல்ல கீமோ குடுப்போம். கட்டி சுருங்கினா நாக்கைக் காப்பாத்தலாம்,” என்றார் டாக்டர். கட்சி பதறிப்போய் அவருடைய குரலை ஓர் இயந்திரத்துக்குப் பழக்கிவிட்டது.

கட்டி சுருங்கியது. நாக்கின் ஓரத்தை மட்டும் வெட்டினார்கள். முடி கொட்டி, பாதியாக இளைத்திருந்த மாசிலாமணி நேராகப் பொதுக்கூட்டத்துக்கு ஓடினார். மேடையில் இயந்திரம் முழங்கிக்கொண்டிருந்தது.

“இனி நானே பேசுறேன்,” என்றார், சற்றே குழறலாக.

மாவட்டச் செயலாளர் அவரைக் கட்டிக்கொண்டார். “நீங்க ரெஸ்ட் எடுங்கண்ணே. அது எழுதிக் குடுத்ததுக்கு மேல ஒரு வார்த்தை பேசாது.”

மாசிலாமணி கூட்டத்தோடு போய் நின்றார். ஊர் ஏரியை மண்ணடித்து மூடச் சொல்லி மக்களே கெஞ்சினார்கள் என்று அவர் குரல் சொன்னதும், “பொய்!” என்று கத்தினார்.

பக்கத்திலிருந்தவர் அதட்டினார்: “சும்மா இருய்யா, மாசிலாமணி அண்ணன் பேசுறாரு!”